சார்ஜரோடு சேர்த்து

பெட்டியில் ஒரு கிலோ அறுநூறு என்று போட்டிருந்தது.
என் தோள் அதை நம்பவில்லை.

எல் ஆல்த்தோவின் ஞாயிற்றுச் சந்தை.
'பத்தே நிமிடம், கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்றேன்.
என் அடையாள அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வில்மர் அபாசா தலையசைத்தார்.

இரண்டு வரிசை தள்ளி எலியோதோரா,
காதில் பாட்டு, வாயில் சூயிங்கம்,
எதிரே உருளைக்கிழங்கு, கையில் தராசு.
அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை.
ஒரு தட்டில் மடிக்கணினி, மறுதட்டில் எடைக்கற்கள்.
முள் நடுவில் நிற்க
ஒரு கிலோ எழுநூற்றெண்பது ஆயிற்று.
'சார்ஜரை யார் சுமப்பார், உன் புருஷனா?'
அதையும் வைத்தேன்.
கல் போதவில்லை, இரண்டு கிழங்கை ஏற்றினாள்.

நிறை பார்த்தாயிற்று.
இனிக் குறை.

வெளியில் திறந்தால் திரை முகம்பார்க்கும் கண்ணாடி.
நாலாயிரம் மீட்டர் உயரத்து வெயிலோடு
இந்த வெளிச்சம் மல்லுக்கு நிற்காது.
எழுத்தைத் தேடினேன்,
மூக்கில் தோலுரிந்தது தெரிந்தது.

ரேம் எட்டு.
அதில் நான்கு பலகையோடு பற்றவைத்தது.
அதைச் சொல்லும்போது மட்டும்
வில்மரின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

எங்கோ துறைமுகத்தில் இறங்கி வந்த சரக்கு,
விசைப்பலகையில் ஞகரம் இல்லை.
நானோ ஃபெர்மினா இபாஞெஸ்.
'ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன்' என்றார்,
ஊரே என் பெயரைத் தப்பாக எழுதுவதற்கு
அதுதான் மருந்து என்பதுபோல.

சரி, நல்லதும் சொல்ல வேண்டும்.
விசைகள் ஆழம். அடித்தால் அடித்தது விரலுக்குத் தெரிகிறது.
திறந்த கையை எடுப்பதற்குள் விழித்துக்கொள்கிறது,
என் பழையது விழிப்பதற்குள்
நான் அடுப்பில் தண்ணீர் வைத்து இறக்கிவிடுவேன்.
பக்கத்தில் இருந்த வெள்ளி நிறத்தது இறகுபோல இருந்தது.
விலை இரு மடங்கு. தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

'கிழங்கிலும் நடுத்தரம்தான் ஓடும்,' என்றாள் எலியோதோரா,
'பெருசு உள்ளே வேகாது,
சிறுசு தோலோடு போய்விடும்.'
சொல்லிவிட்டு, எடையில் வைத்த இரண்டையும்
என் பையில் போட்டுக் காசு வாங்கிக்கொண்டாள்.

நாலாயிரத்து எண்ணூறு பொலிவியானோ.
'நூற்றெண்பது கிராம் பொய்,' என்றேன்,
'அதற்கு எவ்வளவு கழிப்பீர்கள்?'
வில்மர் சிரித்தார்.
'எடை கூடினால் விலை கூட்டுவதுதான் சந்தை வழக்கம்.'
நூற்றிருபது குறைத்தார்.

மூன்று வாரம் ஆகிறது.
மினிபஸ் ஓட்டுநர் சங்கத்துக்குக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன்.
கூட்டம் நான்கு மணி நேரம். பேட்டரி மூன்றே முக்கால்.
அந்தக் கடைசிக் கால்மணியில்தான் எல்லாரும் கத்துவார்கள்;
கதவோரத்தில் இருக்கும் ஒரே பிளக்கை நோக்கி
நாற்காலியோடு நகர்கிறேன்.
தலைவர் இதைப் பேச்சில் குறுக்கிடுவதாக எடுத்துக்கொள்கிறார்.

இங்கே காற்றே மெலிசு.
விசிறிக்கு மூச்சிரைக்கிறது,
சமவெளியிலிருந்து முதல்முறை மேலேறி வந்த
என் கொழுந்தன் படிக்கட்டில் நின்றதுபோல.
அது ஊதுகிற சூடு இடது உள்ளங்கைக்கு ஏறுகிறது.
நோட்டில் குறை என்று எழுதினேன்.
அப்புறம் ஜூன் வந்தது.
சங்க அலுவலகத்தில் ஹீட்டர் கிடையாது,
ஜன்னலின் உட்பக்கத்தில் பனி.
எழுதியதை அடித்தேன்.
நிறை என்று எழுதவும் மனம் வரவில்லை, விசிறி அப்படி இரைகிறது.
கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

கட்டண உயர்வுக்கு ஆதரவு நாற்பத்தொன்று,
எதிர்ப்பு முப்பத்தெட்டு,
வாக்களிக்காதவர் ஆறு என்று அடித்து முடித்த இரவு
ஸ்டிக்கர் குளிரில் உரிந்து
மேசைக்கடியில் எங்கோ விழுந்தது.
குனிந்து தேடவில்லை.
கீழே கையெழுத்துக்கான இடத்தில்
என் பெயரை அடித்தேன்.
ஞகரம் அதன் இடத்தில் இருந்தது.
வலது கை சில்லிட்டிருந்தது, இடது கை இல்லை.